சட்டையின் உள்தையல்

"அப்பா மாடிப்படியெல்லாம் ஏறுவார், மிஸ். ஒரே மூச்சில ஏறுவார்" என்றான் மகன். கப்பல்துறைக் கிராமத்திலிருந்து தகப்பனை முச்சக்கரவண்டியில் கூட்டி வந்தவன். கதிரையில் இருந்த தகப்பன் மெதுவாகத் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தார்.

"எங்கட வீட்டில மாடி எங்கயடா இருக்கு?" என்று கேட்டார்.

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அருவருப்புத்தான் வந்தது. அவன் கெட்ட பிள்ளை அல்ல. தகப்பனுக்கு எப்படியாவது ஒப்பரேஷன் நடந்துவிட வேண்டும் என்று நினைப்பவன். ஆனால் அதற்காக இல்லாத மாடியைக் கட்டி, அதில் தகப்பனை ஏற்றியும் விட்டான். நான் அவனை வெளியே போய் நிற்கச் சொன்னேன்.

துறைமுகத்துக்குக் கிட்ட உள்ள ஓர் ஆஸ்பத்திரியில் நான் தாதி. ஓய்வுக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. கடைசிச் சில வருடங்களாக எனக்குத் தரப்பட்ட வேலை, சத்திரசிகிச்சைக்கு வரும் வயதானவர்களின் தளர்ச்சியை அளப்பது. எங்களுடைய சத்திரசிகிச்சை நிபுணர் இதைத் தொடங்கியபோது எங்களுக்குச் சொன்னது எளிமையானது. எண்பது வயதில் தோட்டம் கொத்துகிறவர் கத்தியைத் தாங்கி எழும்பிவிடுவார். அறுபத்தைந்தில் கதிரையை விட்டு எழும்பக் கஷ்டப்படுகிறவர், ஒப்பரேஷன் எவ்வளவு நன்றாக முடிந்தாலும் கட்டிலை விட்டு எழும்பாமல் போகலாம். ஆகவே வயதைக் கேட்டு முடிவெடுக்காமல் உடம்பைக் கேட்டு முடிவெடுக்க வேண்டும். தளர்ச்சி கூடியவர்களைத் திருப்பி அனுப்புவதில்லை. அவசரமில்லாத ஒப்பரேஷன் என்றால் சில கிழமை பிந்திப்போட்டு, நல்ல சாப்பாடும் நடைப்பயிற்சியும் கொடுத்து, உடம்பைத் தேற்றிய பிறகு செய்வோம்.

அளப்பதும் பெரிய வித்தை அல்ல. கையை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழும்ப வேண்டும். நிலத்தில் ஒட்டியிருக்கும் மஞ்சள் நாடாவின் நீளத்துக்கு, யாருடைய கையையும் பிடிக்காமல் வழக்கமான நடையில் நடக்க வேண்டும். கைப்பலம் பார்க்க, முள் ஓடும் ஓர் இரும்புப் பிடியை நெரிக்க வேண்டும். பிறகு கேள்விகள். இந்த வருடத்தில் மெலிந்தீர்களா, உடுப்புத் தொளதொளவென்று ஆகிவிட்டதா? எதைச் செய்தாலும் பெரும்பாடாகத் தெரிகிறதா? தானே குளிப்பீர்களா? சமைப்பீர்களா?

இந்தக் கேள்விகளை எழுதியவர்கள் எங்கள் ஆட்களைக் கண்டதில்லை. எங்கள் பக்கத்தில் "அம்மா தானே குளிப்பாவா?" என்று கேட்டால், அது அம்மாவின் உடம்பைப் பற்றிய கேள்வியாகப் போய்ச் சேராது. "நீங்கள் அம்மாவை ஒழுங்காகப் பார்க்கிறீர்களா?" என்றுதான் போய்ச் சேரும். உடனே மருமகளுக்கு முகம் சிவக்கும். சம்பூரிலிருந்து வந்த ஒருத்தி என்னோடு சண்டைக்கே வந்தாள். "ஏன் மிஸ், நாங்கள் பாக்கிறேல்லை எண்டு ஆர் சொன்னது? மாமி வடிவாச் சாப்பிடுவா." பக்கத்தில் இருந்த மாமியின் தோள்பட்டை எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அந்த மாமியும் சும்மா இருக்கவில்லை. களைப்பு இருக்கிறதா என்று கேட்டதற்கு, "பிள்ளையள் என்னை நல்லாப் பாக்கினம்" என்று பதில் சொன்னார். குடும்ப மானத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எல்லாருமாகச் சேர்ந்து ஒரு கிழவியை ஒப்பரேஷன் மேசையில் கிடத்தப் பார்க்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதனால் எனக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தேன். சொந்தக்காரர் எல்லாரும் வெளியே. கதவைச் சாத்திவிட்டு, கிட்டக் கதிரையைப் போட்டு, முகத்தைப் பார்த்து, நேரமெடுத்துக் கேட்பேன். கதவு சாத்திய பிறகு வயதானவர்கள் உண்மை சொல்லுவார்கள். கப்பல்துறை ஐயாவும் சொன்னார், கிணற்றடிக்குப் போய் வருவதற்குள் இரண்டு இடத்தில் குந்தவேண்டி இருக்கிறதாம். அப்படியே எழுதினேன். அவருடைய ஒப்பரேஷன் நான்கு கிழமை பிந்தியது. மகன் என்னை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டுப் போனான். கிளினிக்கில் எனக்கு வாய்க்காரி என்று பெயர். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

இவ்வளவும் சொன்னது அக்காவின் கதையைச் சொல்லத்தான்.

அக்கா எனக்குப் பன்னிரண்டு வயது மூத்தவள். துறைமுகத்தில் ஓர் அலுவலகத்தில் முப்பது வருடம் தட்டச்சு செய்தவள். கலியாணம் கட்டவில்லை. என்னுடைய கணவர் இறந்த பிறகு என்னோடு வந்து இருந்தாள். நான் இரவும் பகலும் மாறி மாறி வேலைக்குப் போக, என் மகனைச் சோறூட்டிப் படிப்பித்து ஆளாக்கியவள் அவள்தான். வெள்ளிக்கிழமைகளில் கோட்டை வாசலில் பஸ்சை விட்டு இறங்கி, குன்றின் மேல் உள்ள கோணேசர் கோயில்வரை ஏறி நடப்பாள். கூடப் போகிற எனக்கு மூச்சு வாங்கும், அவளுக்கு வாங்காது.

அந்த வருடம் அவள் கோயிலுக்குப் போவதை விட்டுவிட்டாள். கேட்டால் "வெய்யில் கூட" என்றாள். குசினியில் கதிரை போட்டு இருந்துகொண்டு தேங்காய் துருவத் தொடங்கினாள். சாறிச் சட்டை தோளை விட்டு வழுகுகிறது என்று கொண்டுவந்து தந்தாள். நான்தான் மெசினில் போட்டு இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். நாலைந்து மாதம் கழித்து அதே சட்டையைத் திரும்பவும் கொண்டுவந்தாள். முதல் தையலுக்கு உள்ளே இன்னொரு தையல் போட்டேன். மற்றவர்களின் மெலிவை அளக்கிற கை, வீட்டில் பாட்டுக் கேட்டுக்கொண்டு மெசின் ஓட்டியது.

பிறகு மலத்தோடு இரத்தம் போகத் தொடங்கி, படம் எடுத்துப் பார்த்ததில் பெருங்குடலில் கட்டி என்று தெரிந்தது. வெட்டி எடுக்கலாம் என்றார் நிபுணர்.

"முதல்ல தளர்ச்சியைப் பாருங்கோ, மிஸ். கூடவெண்டால் ஒரு மூண்டு நாலு கிழமை தேத்திப்போட்டுச் செய்வம். கட்டி அதுக்குள்ள எங்கயும் ஓடிப்போகாது."

அந்தக் கிழமைதான் மகன் கனடாவிலிருந்து வந்து இறங்கினான். மூன்று கிழமை லீவு. பெரியம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதான். அந்த அழுகை பொய் என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். அடுத்த நாள் தேத்தண்ணி குடித்துக்கொண்டு சொன்னான்:

"அம்மா, நான் நிக்கேக்கயே முடிச்சிட்டமெண்டால் நல்லது. இல்லாட்டி அங்க போயிருந்து ஒவ்வொரு நாளும் நெஞ்சிடியோட இருக்கவேணும்."

பெரியம்மாவின் வயிற்றைக் கிழிப்பதை அவனுடைய பயணச்சீட்டுக்குள் முடிக்க வேண்டும். இப்போது அதை நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது. அன்றைக்கு எனக்கு அப்படித் தோன்றவில்லை. மகன் பக்கத்தில் நிற்க எல்லாம் முடிந்துவிடும் என்று எனக்கும் ஆறுதலாகத்தான் இருந்தது. அக்காவிடம் எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. அவள் குசினியில் அவனுக்கு இறால் உரித்துக்கொண்டிருந்தாள், கதிரையில் இருந்தபடி.

கிளினிக்கில் என்னோடு வேலை செய்கிற மற்றத் தாதி, "அக்காவை நான் பாக்கிறன், நீங்கள் வெளியில இருங்கோவன்" என்றாள். அதுதான் முறை. நான் வைத்த சட்டமும் அதுதான். "என்ர அக்காவை எனக்குத் தெரியாததே? நானே பாக்கிறன்" என்று படிவத்தை வாங்கிக்கொண்டேன். மகனும் உள்ளே வந்தான். ஊரில் உள்ள மகன்மாரையெல்லாம் வெளியே துரத்துகிற நான், அவனுக்குக் கதிரையும் எடுத்துப் போட்டேன்.

அக்கா பட்டுச் சாறி கட்டி வந்திருந்தாள். எழும்பச் சொன்னபோது அவளுடைய கை கதிரைப் பிடியைத் தேடியது. நான் பக்கத்தில் நின்று முழங்கையில் கை கொடுத்தேன். எழும்பிவிட்டாள். மஞ்சள் நாடாவில் நடந்தபோதும் நான் கையை எடுக்கவில்லை. மூத்தவளைத் தனிய நடக்கவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பது எப்படி என்று அந்த நேரம் எனக்கு நானே ஒரு நியாயம் சொன்னேன். வெறும் தாங்கல் அல்ல அது. கொஞ்சம் இழுத்தும் இருக்கிறேன். இரும்புப் பிடியை அவள் நெரித்தபோது முள் போக வேண்டிய இடத்துக்கு ஏறவில்லை. சரிந்து பார்த்தால் ஏறியது போலத் தெரிந்தது. சரிந்து பார்த்தேன்.

கேள்விகளை நான் கேட்கவே இல்லை. "இதெல்லாம் எனக்குத் தெரிஞ்சதுதானே" என்று சொல்லிக்கொண்டு நானே எழுதினேன். மெலிந்தாரா? இல்லை. களைப்பு? இல்லை. தானே குளிப்பாரா? ஓம். ஒரு மாதமாக அக்காவுக்கு முதுகில் தண்ணீர் வார்த்துவிட்டது நான். மற்றத் தாதி இரண்டு முழம் தள்ளி நின்றாள். அவள் காதில் இது விழுந்தால், தாதி வீட்டு லட்சணத்தைப் பார் என்று நினைப்பாளே என்ற கூச்சம். சம்பூர் மருமகளை என்ன சொல்லிப் பழித்தேனோ, அதையே நானும் செய்தேன். அவளுக்கு அளக்கத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அக்கா என்னையும் படிவத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். தட்டச்சுக்காரி, தலைகீழாக இருந்தாலும் எழுத்தை வாசிப்பாள்.

"பெரியம்மா பாஸ்!" என்று மகன் கைதட்டினான்.

ஒப்பரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. கட்டியை முழுக்க எடுத்தாயிற்று, புண்ணும் ஆறியது. ஆனால் இரண்டாம் நாள் அக்காவுக்குத் தடுமாற்றம் தொடங்கியது. எங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லை. மூன்று நாளாகப் பத்து விரலாலும் கட்டில் விரிப்பில் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். வரி முடியும் இடத்தில் இடது கையைத் தூக்கி, இல்லாத உருளையைத் தள்ளினாள். "பெரியவர் கையெழுத்து வைக்கக் காத்துக்கொண்டு நிக்கிறார், கதவைத் திற" என்று என்னை அதட்டினாள். அது தெளிந்தபோது நெஞ்சில் சளி பிடித்தது. சளி மாறியபோது கால்களில் பலம் இல்லை. இரண்டு பேர் பிடித்து நிறுத்தினாலும் முழங்கால் மடிந்துவிடும்.

மகன் தன் லீவு முடிந்த அன்று புறப்பட்டான். விமான நிலையத்திலிருந்து சொந்தக்காரர் எல்லாருக்கும் போனில் செய்தி அனுப்பினான். பெரியம்மாவின் ஒப்பரேஷன் வெற்றி, கடவுளுக்கு நன்றி. கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. அக்கா நனைந்த விரிப்பில் கிடந்தாள். நான் அதை மாற்றிக்கொண்டு நின்றேன். போனைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. எறியவில்லை. நானும் ஒரு கும்பிடும் கையை அனுப்பினேன்.

ஒப்பரேஷன் முடிந்து இப்போது ஏழு மாதம். அக்கா முன் அறையில் கட்டிலோடு இருக்கிறாள். கழுவுவது, துடைப்பது, திருப்புவது எல்லாம் நான்தான். வேலைக்குப் போகும் நேரம் பார்க்க ஓர் அம்மா வருகிறார். மணம் எனக்குப் பழகிய ஒன்று. முப்பத்தைந்து வருடமாக ஊர் உலகத்தின் மலத்தையெல்லாம் முகம் சுளிக்காமல் அள்ளியவள். அக்காவுடையதுக்கு மட்டும் சுளிக்கிறேன். அந்த மணத்தில் என்னுடைய பொய்யும் சேர்ந்திருப்பது எனக்கு மட்டும் தெரியும்.

பார்க்க வருகிறவர்கள் சோடா குடித்துவிட்டு, "என்ன செய்யிறது, வயசு போட்டுதுதானே" என்பார்கள். நானும் "ஓம், வயசுதான்" என்பேன். எத்தனை பேருக்கு அப்படித் தலையாட்டினேன் என்று தெரியாது. படிவத்தில் எழுதிய பொய்யை விட இதுதான் ஊத்தை. குற்றத்தை அவளுடைய வயதின் தலையில் கட்டிவிட்டு, வந்தவர்களுக்கு விசுக்கோத்து நீட்டுகிறேன்.

போன கிழமை கப்பல்துறை ஐயா கிளினிக்குக்கு வந்தார். நான்கு கிழமை தேற்றிய பிறகு ஒப்பரேஷன் செய்துகொண்டவர். கையில் ஒரு பை அவித்த சோளன். தெருவிலிருந்து உள்ளே வந்து குப்பையைக் கிளறும் எங்கள் ஊர் மான்களுக்கு நடுவே, வாசலிலிருந்து தனிய நடந்து வந்தார். "மிஸ், கிணத்தடிக்கு இப்ப ஒரேயடியாப் போறன்" என்றார். பின்னால் வந்த மகன் வெட்கத்தோடு என்னைக் கும்பிட்டான். எனக்குச் சந்தோசம் வரவில்லை. வயிறெரிந்தது. சோளனை மற்றத் தாதியிடம் கொடுத்துவிட்டுக் கழுவுமிடத்தில் போய் நின்றேன்.

அன்று பின்னேரம் நிபுணர் அக்காவின் கோப்பை எடுத்து வைத்திருந்தார்.

"மிஸ், உங்கட அக்காவின்ர கணிப்பைத்தான் திரும்பத் திரும்பப் பாக்கிறன். இவ்வளவு நல்ல புள்ளி எடுத்தவ, ஏன் இப்பிடி ஆனவ? இந்த அளக்கிற முறை எங்கட ஆக்களுக்குச் சரிவராதோ எண்டு யோசிக்கிறன். நிப்பாட்டலாமோ?"

அந்த மனிதர் என்னைச் சந்தேகிக்கவே இல்லை. கணிப்பைச் சந்தேகித்தார். கப்பல்துறை ஐயாவை நடக்க வைத்த ஒன்றை, நான் எழுதிய ஒரு தாளை நம்பி நிறுத்தப் போகிறார். "நிப்பாட்டாதேங்கோ டொக்டர். நாளைக்கு ஒரு தாள் கொண்டுவாறன், பாத்திட்டுச் சொல்லுங்கோ" என்று மட்டும் சொன்னேன். வெறும் படிவம் ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அக்கா விழித்திருந்தாள். அலுமாரியிலிருந்து அந்தச் சாறிச் சட்டையை எடுத்து உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு தையல். கதிரையை இழுத்துக் கட்டிலுக்குக் கிட்டப் போட்டு இருந்தேன்.

"அக்கா, ஒப்பரேஷனுக்கு முன்னம் நீங்கள் எப்பிடி இருந்தனீங்கள் எண்டு கேக்கப்போறன். உள்ளதைச் சொல்லுங்கோ."

"இப்பவோ?"

"ஓம். டொக்டரிட்டக் குடுக்கவேணும்."

அவள் சட்டையைப் பார்த்தாள். பிறகு தாளைப் பார்த்தாள். "கேள்" என்றாள்.

"அந்த வருஷம் மெலிஞ்சனீங்களோ?"

"உன்ர கையில இருக்கிறது என்ன?"

எழுதினேன். "எதைச் செய்தாலும் பெரும்பாடாத் தெரிஞ்சதோ?"

"காலமை எழும்பிச் சீப்பெடுத்துத் தலை இழுக்கிறதே பெரும்பாடு. இழுத்துப்போட்டுத் திரும்பவும் படுத்திடுவன். நீ வேலைக்குப் போயிடுவாய்."

"தனிய நடந்தனீங்களோ?"

"சுவரைப் பிடிச்சுக்கொண்டு. அண்டைக்குக் கிளினிக்கில உன்ர கையைப் பிடிச்சுக்கொண்டு."

"குளிக்கிறது?"

"நீதான் தண்ணி வாத்தனீ."

ஒவ்வொன்றையும் எழுதினேன். எல்லாம் முடிந்த பிறகு, படிவத்தில் இல்லாத ஒன்றையும் கேட்டேன்.

"மூண்டு நாலு கிழமை பொறுக்கச் சொல்லியிருந்தால், பொறுத்திருப்பீங்களோ?"

"எழும்பி நடக்கலாமெண்டால் மூண்டு மாசமும் பொறுத்திருப்பன். அவன் போனால் போகட்டும், பிறகு போனில கதைக்கலாம்தானே."

"அண்டைக்கு ஏன் அக்கா ஒண்டும் சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லை" என்றாள். கோபம் இல்லை அந்தக் குரலில். பிறகு கேட்டாள்:

"கிளினிக்குக்கு வாற மற்ற ஆக்களிட்டையும் இப்பிடித்தான் கிட்ட இருந்து, ஆறுதலாக் கேக்கிறனீயோ?"

"ஓம், அக்கா."

"நல்லாத்தான் கேக்கிறாய்" என்றாள்.

பிறகு, கால்களை மற்றப் பக்கம் திருப்பி விடச் சொன்னாள். தாளைக் கீழே வைத்துவிட்டுத் திருப்பி விட்டேன்.